கானமயிலின் கழுத்து

வலக் கண்ணை மூடினால் சாயங்காலம். இடக் கண்ணை மூடினால் விடிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி மடியில் கிடக்கிறது. அடுப்படியிலிருந்து தங்கை குணவதி எட்டிப் பார்த்து, கண்ணாடியைப் போடுக்கா, கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதே என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. சரி என்கிறேன், அவள் தலை மறைந்ததும் மறுபடி ஒரு கண்ணை மூடுகிறேன். நேற்று வலக் கண்ணில் புரை எடுத்தார்கள். இன்று காலை எட்டு மணிக்குக் கட்டைப் பிரித்தார்கள். இடக் கண்ணுக்கு அடுத்த மாதம். அதுவரை எனக்கு இரண்டு வீடு, இரண்டு சுவர், இரண்டு குணவதி. இந்தச் சுவர் பாலேட்டு நிறம் என்று நினைத்து எத்தனையோ வருஷம் குடியிருந்துவிட்டேன், வெறும் வெள்ளை. இடக் கண்ணால் பார்த்தால் அதே சுவர் தேயிலைத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கிறது. அதில் ஒரு இதமும் இருக்கிறது, பழகிய வீடு அதுதான். வலக் கண்ணின் வீட்டுக்குள் நான் இன்னும் செருப்பைக் கழற்றாத விருந்தாளி. நேற்றுக் கிளம்பும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஏண்டி கறுப்புச் சேலை கட்டினாய் என்று குணவதியைக் கேட்டேன். கறுப்பில்லக்கா, நீலம் என்றாள். சமாளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சேலை இப்போது கொடியில் காய்கிறது, ஜன்னல் வழியாகத் தெரிகிறது. நீலம். மைப்புட்டியைக் கவிழ்த்தது போல அப்படி ஒரு நீலம். வேப்பமரத்துக்கு மேலே இருக்கிற துண்டு வானமும் அப்படித்தான். இவ்வளவு நாளும் இந்த நீலமெல்லாம் எங்கே போயிருந்தது. எங்கேயும் போகவில்லை, உள்ளே வர வழியில்லாமல் என் கண் வாசலிலேயே நின்றிருக்கிறது. அப்படியென்றால் இந்த வருஷங்களில் நான் தூரிகையில் தொட்டுத் தொட்டு வைத்த நீலமெல்லாம்... அங்கே நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிக்கொள்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு மறுபடி சேலையைப் பார்க்கிறேன்.

பார்த்து என்ன. முள் அங்கேயேதான் இருக்கிறது. எதிர்ச் சுவரில் இரண்டு படங்களைச் சாய்த்து வைத்திருக்கிறேன், நானே வரைந்தவை, புத்தகத்துக்காகப் படமெடுத்த பிறகு சிவகாசி அச்சகத்திலிருந்து திரும்பி வந்தவை. முப்பது வருஷமாக நான் வரைவதெல்லாம் பறவைகள்தான். இந்தப் புத்தகத்தில் நாற்பது படம். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் இருந்து இப்போது இல்லாமல் போனவை, இல்லாமல் போய்க்கொண்டிருப்பவை. எழுதியவர் இன்னாசி சார். கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர், திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார், எண்பத்து மூன்று வயது, நுரையீரலில் கோளாறு. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று மகள் சொல்கிறாள். இன்று பன்னிரண்டரைக்குக் கடைசி ஃபாரம் மிஷினில் ஏறும் என்று அச்சகத்திலிருந்து யாகூப் சொல்லியிருந்தார். ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகிற அந்தக் கடைசி ஃபாரத்தில் எட்டுப் படம். எட்டும் இந்த ஐந்து வருஷத்துக்குள் வரைந்தவை. கடிகாரத்தில் பத்தே முக்கால். எதிரே இருக்கிற இரண்டில் இடது பக்கம் வெண்முதுகுப் பாறு, பிணந்தின்னிக் கழுகு. அது பதினைந்து வருஷத்துக்கு முந்தியது, அதை நான் உயிரோடு பார்த்திருக்கிறேன், மாயாற்றுக் கரையில் ஒரு பாறையில் உட்கார்ந்து வெயிலுக்கு முதுகைக் காட்டி இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது, குளித்துவிட்டு வந்த கிழவர் துண்டை உதறிப் பிடித்திருக்கிற மாதிரி. நான் பென்சிலை எடுக்கவே பயந்து உட்கார்ந்திருந்தேன். அந்த முதுகின் வெள்ளை, படத்தில், புதுக் கண்ணுக்கு வெள்ளையாகவே இருக்கிறது. வலது பக்கம் கானமயில் பேடு, பேரில்தான் மயில், இது பொட்டல் புல்லில் நடந்து திரிகிற பழுப்பு முதுகுப் பறவை. அதற்கு நேராகப் புதுக் கண்ணைக் கொண்டுபோகவே காலையிலிருந்து தயங்குகிறேன். கொண்டுபோனேன். சொட்டு நீலத்தை அளவு தெரியாமல் ஊற்றி அலசிய வேட்டி. அந்த நீண்ட கழுத்து முழுக்க, தொண்டைக்குக் கீழே, மார்பு வரைக்கும். உயிருள்ள எந்தப் பிராணிக்கும் அப்படி ஒரு கழுத்து இருக்காது.

வலக் கண்ணை மூடுகிறேன். கழுத்து சரியாகிவிடுகிறது. சாம்பலும் வெளுப்புமாக, மெல்ல மூச்சு வாங்குகிற கழுத்து. திறக்கிறேன், நீலம். இரண்டில் எது பொய் என்று கேட்டுக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. எப்படி நடந்தது என்பதும் எனக்குத் தெரியும், தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கானமயிலை நான் பார்த்ததில்லை. என் வயதுக்கு இந்தப் பக்கத்தில் பார்த்தவர்கள் இல்லை. ஒரு அருங்காட்சியகத்தின் பின்கட்டில், மர இழுப்பறைக்குள், காலில் சீட்டுக் கட்டிப் படுக்கவைத்திருந்த ஒரு தோலைப் பார்த்துத்தான் வரைந்தேன். நூறு வருஷத்துத் தோல். கண்ணிருந்த இடத்தில் பஞ்சு. அந்துருண்டை வாடை அடித்தது, மதியம் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அடித்தது. பழைய தோலில் கொழுப்பு ஊறி இறகு மஞ்சள் பாரித்துவிடும், அது இந்த வேலையில் எல்லாருக்கும் தெரியும். அந்த மஞ்சளை மனசால் கழித்துவிட்டுத்தான் வரைய வேண்டும். நான் கழித்தேன். மஞ்சளைக் கழிக்க நீலத்தைக் கூட்ட வேண்டும், நன்றாகத் தெரிந்த கணக்காயிற்றே, தாராளமாகக் கழித்தேன். என்ன பாடு பட்டிருக்கிறது இந்தத் தோல், எவ்வளவு மஞ்சள் என்று பரிதாபப்பட்டது ஞாபகம் இருக்கிறது. அதில் பாதி மஞ்சள் என் கண்ணுக்குள் இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும். கண் உள்ளுக்குள் பழுக்கிறது, ஒரே நாளிலா பழுக்கிறது, ஒரு நாளும் வாசலில் வந்து நின்று சொல்லவில்லை. அந்தத் தோலுக்கு முன்னால் நானும் ஒரு பழைய தோலாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பஞ்சுக் கண் என்னைப் பார்த்து என்ன நினைத்திருக்கும்.

குணவதி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளருக்குள் மோர் நிலாவைக் கரைத்து ஊற்றினது மாதிரி இருந்தது. குடிக்கிறேன், குளிர்ச்சி இறங்குகிறது, தூக்கம் வருகிற மாதிரியும் இருக்கிறது, மருந்தின் தூக்கம், அதில் அறை கொஞ்சம் மிதக்கிறது. அக்கா, மாமா சட்டை ஒண்ணு பீரோவுல கிடந்துச்சு, தலகாணி மேல விரிக்கட்டுமா, மெத்துன்னு இருக்கும் என்று கேட்டுக்கொண்டே எடுத்து வந்து விரித்தாள். என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். இது எந்தச் சட்டை, வெள்ளைச் சட்டை, இப்படி ஒன்று அவருக்கு இருந்ததா. காலரில் தையல் பிரிந்திருக்கிறது, நான் தைத்த தையல். ஒரே துணியில் இரண்டு சட்டை எடுத்தோம், ஒன்றைக் கடைசியில் அவருக்குப் போட்டு அனுப்பினோம், இன்னொன்று இது. சந்தன நிறம் என்று நினைத்தல்லவா எடுத்துக் கொடுத்தேன். சந்தனக் கலர்ச் சட்டையில் அவர் நன்றாக இருப்பார், அதையே போடுங்கள் என்று அத்தனை பேர் நடுவில் சொன்னேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். அந்த முகம். அந்த முகத்தை நான் எந்த நிறத்தில் வைத்திருக்கிறேன். மாலை வெயில் பட்டது போல ஒரு முகம், உடம்புக்கு முடியாமல் கிடந்த கடைசி மாசத்தில்கூட அப்படித்தான் இருந்தார், நல்ல நிறமாக இருக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிறிப் போயிருந்திருப்பார். டாக்டர் கேட்டபோதும் நிறம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அந்த நினைப்பின் மேல் காலை வைக்கக்கூடாது, வழுக்கிவிடும். குணவதி, அந்தச் சட்டையை எடுத்துவிடு என்றேன். ஏன்க்கா என்றாள். சும்மா எடு.

பதினொன்றேகால். சும்மா இருந்துவிட்டால் என்ன என்று ஒரு குரல் மோர் மாதிரிக் குளிர்ச்சியாகச் சொல்கிறது. சும்மா இரு. மிஷின் ஓடட்டும். எந்தக் கானமயில் வந்து, என் கழுத்து இப்படி இல்லை என்று சாட்சி சொல்லப்போகிறது. புத்தகத்தை வாங்குகிறவர்கள் வாழ்க்கையில் ஒன்றைக்கூடப் பார்க்கப்போவதில்லை. இனி அந்தப் படம்தான் கானமயில், நான் நீலம் என்றால் நீலம். அதுதானே பயமாக இருக்கிறது, கேட்க ஆள் இல்லாததுதான். காக்கைக்கு நீலக் கழுத்துப் போட்டிருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரிக்கும். இதற்குச் சிரிக்க யாரும் இல்லை. பத்து வருஷம் கழித்து வேறொருத்தி என் படத்தைப் பார்த்து வரைவாள், பள்ளிக்கூடத்துச் சுவரில் வரைவார்கள், தபால்தலையில்கூட வரலாம், ஒன்றிலிருந்து ஒன்றாக நீலக் கழுத்துகள் வரிசையாக நடந்து போகின்றன, பொட்டலில், தலையைத் தூக்கிக்கொண்டு, நானே பெற்ற பிள்ளைகள் மாதிரி. ஆனால் இன்னாசி சார். அவர் ஒருத்தர்தான் பார்த்தவர். இருபது வயதில் கரூருக்குத் தெற்கே ஒரு மேய்ச்சல் காட்டில் பார்த்தார், அதற்குப் பிறகு அறுபது வருஷம் அதைத் தேடினார். இந்தப் படத்தை முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டு, மடியில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். அதேதான் என்றார். கண்ணீர் வந்துவிட்டது. பார்த்தவர் சொன்ன பிறகு எனக்கு வேறு யார் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நானும் அழுதேன். அவருக்கும் புரை இருக்கிறது. வயசாயிற்று, இனி எதற்கு என்று எடுக்காமலே விட்டவர். ஒரே நிறத்துக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கிழங்கள் அதேதான், அதேதான் என்று அழுதிருக்கிறோம்.

அழாமல் பார்த்தவர் யாகூப் மட்டும்தான். போன மாதம் சோதனைத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சிவகாசியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு இந்த வீட்டுக்கே வந்தார். இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கானமயில் வந்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டு, மேடம், கழுத்துல சியான் தூக்கலா இருக்கு, ஒரிஜினல்லயும் அப்படித்தான் இருக்கு, குறைக்கட்டுமா என்றார். சியான் என்பது அவர்கள் அச்சு நீலத்துக்குச் சொல்கிற பெயர். தெரியாமல்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கலாம். நான் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, நீங்க கானமயிலைப் பார்த்திருக்கீங்களா தம்பி என்றேன். நாற்பத்தைந்து வயதுக்காரர், இருபது வருஷமாக மிஷின் பக்கத்தில் நின்று ஒரு நாளைக்கு ஆயிரம் நிறம் பார்க்கிறவர். இல்ல மேடம் என்றார். தாளைச் சுருட்டி ரப்பர் போட்டார். குணவதி கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பாதிக் காப்பி ஆறிப் போய் ஆடை படர்ந்து மேஜையில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே நான் என்ன நினைத்தேன், மிஷின்காரருக்குப் பறவையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நானும்தான் பார்த்ததில்லை. அதை அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

பதினொன்று நாற்பது. குணவதி, போனை எடு என்றேன். போனெல்லாம் பார்க்கக்கூடாது என்றாள். நான் பார்க்கமாட்டேன், நீயே நம்பரைப் போட்டுக் காதில் கொடு. முதலில் இன்னாசி சாருக்கு. யாகூபிடம் சொல்லிவிட்டுச் சாருக்குச் சொல்வது சரியில்லை, அது அவர் புத்தகம், அவர் பறவை. மகள் எடுத்தாள், அப்பா படுத்திருக்கிறார் என்றாள், பிறகு போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும், மூச்சுதான் முதலில் வந்தது. கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், தோலின் மஞ்சள், என் மஞ்சள், இரண்டையும் சேர்த்துக் கழித்தது, நீலம், யாகூப் அன்றைக்கே சொன்னது. கடைசி ஃபாரத்தை நிறுத்தச் சொன்னால் புத்தகம் தள்ளிப்போகும், எத்தனை நாள் என்று தெரியாது என்றும் சொன்னேன். அவரிடம் நாள் எங்கே இருக்கிறது தள்ளுவதற்கு. அந்தப் பக்கம் மூச்சு ஏறி இறங்கியது. நான் அதை எண்ண ஆரம்பித்துவிட்டேன். சார், நீங்க பார்த்து அதேதான்னு சொன்னீங்களே என்றேன். என் பயத்தில் பாதியை அவர் மேல் தூக்கி வைக்கத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது.

"நான் நிறத்தைப் பாக்கலயே சௌந்தரம்," என்றார். "அது நின்ன நிலையைத்தான் பாத்தேன். அலகைச் சித்த மேல தூக்கிக்கிட்டு, நம்மள ஒரு ஆளாவே மதிக்காம நிக்கும் பாரு. அது அப்படியே வந்திருந்துச்சு. அதுக்குத்தான் அழுதேன்."

அப்போ அன்றைக்குப் பார்த்த கழுத்து என்ன நிறம் சார் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அன்றைக்கு நடந்ததைச் சொன்னார், இருமலுக்கு நடுவே, விட்டு விட்டு. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். மாசி மாசம், புல் காய்ந்து முழங்கால் உயரம் நின்றிருக்கிறது. பறவை நடந்து போய்க்கொண்டிருந்தது, நடக்கிறவரைக்கும் தெரிந்தது. இவரைப் பார்த்ததும் நின்றது. நின்றதும் காணவில்லை. பறக்கவில்லை, உட்காரவில்லை, அங்கேயேதான் நிற்கிறது, அது இவருக்கும் தெரியும், ஆனால் எது புல் எது கழுத்து என்று பிரிக்க முடியவில்லை. கால் மணி நேரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அது மறுபடி ஒரு அடி எடுத்து வைத்த பிறகுதான் கண்ணுக்கு அகப்பட்டது, அதோடு வேலியைத் தாண்டிப் பறந்து போய்விட்டது. இதை ஏன் சார் புத்தகத்தில் எழுதவில்லை என்றேன். எதிரே நின்னதைத் தொலைச்சேன்னு எழுத வெக்கமா இருந்துச்சு என்றார். அறுபது வருஷமாக அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மகள் போதும்ப்பா என்பது கேட்டது. அவர் விடவில்லை.

"தள்ளிப் போனா போகட்டும். நான் பாக்க வேண்டியதப் பாத்துட்டேன். இனிமே பாக்கப் போறவன் அதைப் பாத்ததே இல்ல. அவனுக்குச் சரியாப் போடு."

போனை வைத்த பிறகு அறை கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. முழங்கால் உயரப் புல்லுக்குள் நான் உட்கார்ந்திருப்பதாகவும் என்னை யாரோ தேடிக்கொண்டு வேலிப் பக்கம் நிற்பதாகவும் ஒரு நினைப்பு, தூக்கமா விழிப்பா தெரியவில்லை, அசைந்தால் தெரிந்துவிடுவோம் என்று மூச்சைக்கூடப் பிடித்திருந்தேன். குணவதி தோளைத் தொட்டாள். பன்னிரண்டு ஐந்தாயிற்று, சொட்டு மருந்து விட வேண்டும் என்றாள். இரு, இன்னும் ஒரு போன்.

யாகூப் எடுத்தபோது பின்னால் வேறு மிஷின்களின் சத்தம். பன்னிரண்டரைக்குக் காத்திருக்கவில்லை, அச்சுப் பிளேட் ஏற்றிவிட்டார்கள், இன்னும் ஓட்டவில்லை என்றார். தம்பி, அன்னைக்கு நீங்க சொன்னது சரி, என் கண்ணுதான் தப்பு, அப்படிப் பேசியிருக்கக்கூடாது என்றேன். பரவால்ல மேடம் என்பார் என்று எதிர்பார்த்தேன், அவர் அதைச் சொல்லவில்லை. இப்ப என்ன செய்யணும் என்றார். அது எனக்கு நல்லதாகவே இருந்தது. நிறுத்திப் புதுசாகப் படம் வரைந்து தரவா என்றேன். வேண்டாம், மிஷினிலேயே மையைக் குறைக்கலாம், எட்டுப் படமும் ஒரே மாதிரித்தான் நீலம் ஏறியிருக்கிறது, எல்லாமே சேர்ந்து இறங்கும், அது நல்லதுதான் என்றார். அப்படியென்றால் மற்ற ஏழு படத்தையும் அன்றைக்கே பார்த்திருக்கிறார், ஒன்றோடு வாயை மூடிக்கொண்டார். நான் மூடவைத்தேன். ஆனா எவ்வளவு குறைக்கணும்னு நீங்கதான் சொல்லணும் மேடம், நானும் பார்த்ததில்லையே என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் நிஜம், இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தர், பார்க்காத இரண்டு பேர். நான் சிவகாசிக்குப் போக முடியாது, போனில் படம் அனுப்பினால் அந்தக் கண்ணாடிக்கும் ஒரு நிறம் இருக்கும்.

படத்துல பறவைக்குப் பின்னால புல்லு இருக்கே தம்பி, அது உங்க கண்ணுக்கு எப்படி இருக்கு என்று கேட்டேன். புல்லு புல்லாத்தான் இருக்கு மேடம் என்றார். இருக்கும். அந்தப் புல்லை நான் கையில் ஒரு பிடி வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வரைந்தேன், அதில் மனசால் எதையும் கழிக்கவில்லை. புல்லில் நீலமே கம்மி, குறைத்தாலும் அது பெரிசாக மாறாது என்றும் அவர் சொன்னார்.

"அப்படின்னா கழுத்து அந்தப் புல்லோட போயிடுற மட்டும் குறைங்க," என்றேன். "முழுக்கப் போறதுக்குச் சித்த முன்னாடி நிறுத்திக்கோங்க."

அவர் போனை எங்கேயோ வைத்தார், இரும்பின் மேல் வைத்த சத்தம் கேட்டது. மிஷின் கிளம்பியது, நின்றது. தாளை உருவுகிற சத்தம். மறுபடி கிளம்பியது, நின்றது. யாரிடமோ ஒரு சொல் சொன்னார், மை இறங்குகிற சாவியைத் திருப்பச் சொல்லியிருப்பார். குணவதி மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவை மிஷின் நின்றது. பிறகு போனை எடுத்தார்.

"நிறுத்திட்டேன் மேடம்."

"தெரியுதா தம்பி?"

தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார் போல, நடக்கிற சத்தம் கேட்டது.

"சட்டுனு தெரியல," என்றார். "தேடுனா தெரியுது."

அப்படியே ஓட்டுங்க என்றேன்.